ஈத்தைக்குள்ள ஒரு அப்பன்: காக்காச்சி காட்டுல ஆறு நாள்

நாள் 1

எனக்கும் தவளைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடுறேன். நான் செல்போன் சர்வீஸ் பாக்குறவன், டிஸ்ப்ளே மாத்துறது, சார்ஜிங் போர்டு மாத்துறது, தண்ணில விழுந்த போனுக்கு உயிர் கொடுக்குறது, இதான் நம்ம பொழப்பு. ஆனா சித்தி மகன் ஒருத்தன் இருக்கான், தவளை ஆராய்ச்சி பண்ணுதான், ரெண்டு வருஷமா வீட்டு நல்லது கெட்டதுக்கு கூட ஒழுங்கா வாரதில்ல, காக்காச்சி காடே கதின்னு கிடக்கான். முந்தாநாள் ராத்திரி பத்து மணிக்கு போன். "அண்ணே, மூங்கிலுக்குள்ள விட்டு பாக்குற கேமரா ஈரத்துல போயிட்டு, படம் வந்து வந்து போகுது. கீழ அனுப்புனா ஒரு வாரம் வேலை கெட்டுரும், நீங்க ஒரு எட்டு மேல வந்து பாருங்களேன்"ங்கான். மூங்கிலுக்குள்ள எதுக்குல கேமராவ விடுதன்னு கேட்டேன். "தவளை இருக்குண்ணே". எனக்கு சிரிப்பு வந்துட்டு.

புலிகள் காப்பகத்துக்குள்ள நினைச்ச உடனே போயிட முடியாதுல்ல, அதுக்கும் அவன் வழி வச்சிருந்தான். போன வருஷமே உதவியாளர் லிஸ்ட்ல என் பேரையும் எழுதி அனுமதி வாங்கி வச்சிருக்கான், "என்னைக்காவது வருவீங்கன்னு தெரியும்"ங்கான். கள்ளப்பய. கடைய மச்சான் கையில கொடுத்துட்டு சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூ டிரைவர் செட்டு, ரெண்டு பாட்டில் க்ளீனிங் லிக்விட் எல்லாம் பையில போட்டுட்டு இன்னைக்கு வெள்ளன அம்பாசமுத்திரத்துல பஸ் ஏறியாச்சு.

கல்லிடைக்குறிச்சி தாண்டி மணிமுத்தாறு வர்ற வரைக்கும் நல்ல வெக்கை. ஆடி கடைசி, கீழ ஒரு பொட்டு மழை இல்ல, காத்து மட்டும் மண்ண அள்ளி மூஞ்சில அடிக்குது. செக்போஸ்ட்ல இறக்கி பைய பாத்தாங்க, பிளாஸ்டிக் கவர் ரெண்டு வச்சிருந்தேன் எடுத்துட்டாங்க, சால்டரிங் அயர்ன பாத்து இது எதுக்குன்னு கேட்டார் ஒருத்தர், தவளைக்குன்னு சொன்னேன், அவர் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு பேப்பர சரி பாத்து விட்டுட்டார். மணிமுத்தாறு டேம் 118 அடி, பாதிக்கும் கீழதான் தண்ணி கிடந்துச்சு. அதைத் தாண்டி வளைவு வளைவா ஏற ஏற, முள்ளுக்காடு போயி பெரிய மரம் வந்து, அப்புறம் மேகம் பஸ்சுக்குள்ளயே வந்துட்டு. ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி வேர்த்து வடிஞ்சவன் இப்ப துண்ட எடுத்து காதுல சுத்திக்கிட்டேன். மழை நேரத்துல ரேடியோ செய்தி கேக்குறவங்களுக்கு மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து இந்த நாலு பேரும் மனப்பாடமா இருக்கும், எத்தனை சென்டிமீட்டர்னு வாசிச்சுட்டே இருப்பாங்க, அந்த நாலும் இந்த ஒத்தை ரோட்டு மேலதான் வரிசையா இருக்கு.

சிங்கம்பட்டி ஜமீன் 1929ல 99 வருஷ குத்தகைக்கு தேயிலை போட கொடுத்த இடம் இது, கணக்குப்படி 2028ல முடியுது. லயத்து வீடுங்க நிறைய பூட்டிக் கிடக்கு. தேயிலைக்கு நடுவுல அங்கங்க விட்டுப்போன சோலை, அதைச் சுத்தி பெருங்காடு, எல்லாம் களக்காடு முண்டந்துறை காப்பகம், 1988ல தமிழ்நாட்டுலயே முதல்ல அறிவிச்ச புலிகள் காப்பகம்.

சாயங்காலம் கேமராவ பிரிச்சேன். பைப்புக்குள்ள அடைப்பு பாக்க விடுவாங்கள்ல, அதே மாதிரி நீள ஒயர் முனையில சின்னதா ஒரு கேமரா, முனை 4 மில்லிமீட்டர் கூட இருக்காது. ஜாயிண்ட்ல பச்சை பச்சையா களிம்பு. தவளை ஆராய்ச்சிக்கு வந்த கேமராவும் பச்சையாகிட்டுன்னு சொன்னேன், யாரும் சிரிக்கல. சுத்தம் பண்ணி, ரெண்டு ஒயர வெட்டி புதுசா ஒட்டுனேன், படம் வந்துட்டு. வந்த வேலை முக்கால் மணி நேரத்துல முடிஞ்சு போச்சு, அடுத்த பஸ்ல இறங்கிருக்கலாம். தம்பி "ஒரு நாளாவது இருந்து பாத்துட்டு போங்கண்ணே"ன்னான். இருக்கேன்னு சொல்லிட்டேன்.

நாள் 2

காலையில மொத சண்டையே ஓடோமாஸ்ல. கொசு கடிக்கும்னு கை கால் எல்லாம் அப்பிட்டு வெளிய வந்தா தம்பி திரும்ப சோப்பு போட்டு கழுவ விட்டுட்டான். தவளைக்கு தோல்தான் பாதி மூக்கு மாதிரியாம், தோல் வழியாவே மூச்சு விடும் தண்ணியும் குடிக்கும், நம்ம கையில இருக்குற எந்த மருந்தும் அப்படியே உள்ள போயிரும். அப்புறம் பூட்ஸ். அதையும் மருந்துத் தண்ணில முக்கி பிரஷ் போட்டு தேய்ச்சு கழுவி காய வச்சாதான் காட்டுக்குள்ள விடுவான், ஒரு காட்டு மண்ணுல இருக்குற பூஞ்சை இன்னொரு காட்டுக்கு போகக்கூடாதுன்னு. உலகத்துல எத்தனையோ தவளை இனங்கள தோல்ல பிடிக்கிற ஒரு பூஞ்சை அழிச்சிருக்கு. செருப்ப கழட்டி கோயிலுக்குள்ள போனதுண்டு, பூட்ஸ கழுவி போட்டுக்கிட்டு காட்டுக்குள்ள போறது இதான் முதல் தடவை.

கூட வந்தவர் காணி அண்ணாச்சி ஒருத்தர். காணிக்காரங்கதான் இந்த பொதிகை மலைக்கு பூர்வீகம். வயசு அறுபது இருக்கும், செருப்பு கூட போடல, அட்டை அவரை கடிக்குதா இல்லையான்னே தெரியல. என்னை மட்டும் பந்தியில உக்காந்த மாதிரி கூடி உக்காந்து குடிச்சுதுங்க, பத்து நிமிஷத்துல கால்ல பதினாலு எண்ணுனேன், அப்புறம் எண்ணறத விட்டுட்டேன். உப்போ பொயிலையோ தடவலாம்தான், ஆனா தவளை பக்கம் போற கையில அதுவும் கூடாதுன்னு அதுக்கும் தடை.

ஒரு ஓடை ஓரமா இறங்கினா ரெண்டு பக்கமும் ஈத்தைக் காடு. ஈத்தைன்னா ஒல்லி மூங்கில், மலையாளத்துல ஈற்றன்னு சொல்லுவாங்க, ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவுல ஒரு முழத்துக்கு மேல நீளம், சுவர் ரொம்ப மெலிசு, உள்ள முழுக்க காலி. கூடை முடைய, தட்டி கட்ட இதான் வெட்டுவாங்க, கேரளா பக்கம் காகிதக் கூழுக்கும் வெட்டுறது உண்டு. ஓலை எல்லாம் ஓரம் அறுக்குது, தண்டுல சுணை, கழுத்துல பட்டு ராத்திரி வரைக்கும் அரிச்சுது.

தம்பி ஒரு தண்டுகிட்ட கூட்டிட்டு போயி விரல் வச்சு காட்டுனான். கணுவ ஒட்டி ஒரு கீறல். நீளம் ஒரு சென்டிமீட்டர் கூட வராது, அகலம் மூணு நாலு மில்லிமீட்டர். சார்ஜர் சொருகுற ஓட்டை இதை விட பெருசு, நான் தினமும் பாக்குறது அதைத்தானே. "இது வழியா தவளை உள்ள போகும்ணே"ங்கான். நம்பவே இல்ல. தவளை எவ்ளோ பெருசுன்னேன். ரெண்டரை சென்டிமீட்டராம். கட்டை விரல் நகத்தை விட கொஞ்சம் பெருசு. அது எப்படி இதுக்குள்ள போகும், எலும்ப கழட்டி வச்சுட்டா போகும்?

எனக்கு ஒரு பழக்கம் இருக்கு, எதையும் கழட்டி பாக்காம நம்ப மாட்டேன். கடையில அது நல்ல பழக்கம். சரி இதை ரெண்டா பிளந்து பாத்துருவோம்னு வாய தவறி சொல்லிட்டேன். தம்பி ஒன்னும் சொல்லல. அண்ணாச்சிதான், "பிளந்தா அதுக்கப்புறம் அது வீடு இல்ல தம்பி, விறகு"ன்னார்.

விஷயம் என்னன்னா அந்தக் கீறல தவளை போடுறது இல்ல. அதுக்கு மூங்கில துளைக்கிற பல்லும் நகமும் ஏது? பூச்சி துளைச்சிருக்கும் இல்லைன்னா எலி மாதிரி ஏதாவது கடிச்சிருக்கும், அது விட்டுட்டுப் போன ஓட்டையத்தான் இது தேடி பிடிக்கணும். ரொம்ப சின்னதா இருந்தா நுழைய முடியாது, பெருசா இருந்தா பாம்பு, நண்டு, எறும்பு எது வேணா உள்ள வரும். ஆயிரம் தண்டு நிக்குற காட்டுல இதுக்கு தோதான தண்டு எத்தனைன்னு பாத்தா விரல் விட்டு எண்ணிரலாம் போல இருக்கு. வாடகை வீடு தேடி அலைஞ்சவனுக்கு தெரியும் இந்த கஷ்டம்.

எங்க ஆச்சி சொன்ன கதை ஞாபகம் வந்துச்சு. அகத்தியர் ஒரு ராஜாவுக்கு தலைவலின்னு கபாலத்தை திறந்து பாக்காராம், மூளை மேல ஒரு தேரை உக்காந்திருக்கு. பிடிக்கப் போனா அது இன்னும் உள்ள போயிரும், பிச்சு எடுத்தா ராஜா காலி. பக்கத்துல நின்ன சிஷ்யன் ஒரு பாத்திரத்துல தண்ணி கொண்டு வந்து அலம்பி காட்டுனானாம், தண்ணி சத்தம் கேட்டு தேரை தானா குதிச்சு வெளிய வந்துட்டு, அதுல இருந்து அந்த சிஷ்யனுக்கு தேரையர்னு பேரு. அந்த அகத்தியர் மலை இந்தா இந்த மேகத்துக்கு பின்னாடிதான் இருக்கு. அண்ணாச்சிகிட்ட சொன்னேன். அவருக்கு இந்தக் கதை என்னை விட நல்லா தெரிஞ்சிருந்துச்சு.

ராத்திரி ஏழு மணிக்கு மறுபடி போனோம். பகல்ல செத்த மாதிரி கிடந்த காடு ராத்திரி வாட்ச் ரிப்பேர் கடை மாதிரி இருக்கு, எந்தப் பக்கம் திரும்புனாலும் டிக் டிக், ட்ரிக் ட்ரிக், எவனும் கண்ணுல படல. புதர்த் தவளையில மட்டும் இத்தனை வகை இருக்குன்னு யாருக்குல தெரியும். ஒரு இலை மேல பழுப்பா ஒன்னு உக்காந்திருந்துச்சு, சூடோஃபைலாட்டஸ் கணின்னு தம்பி சொன்னான், 2009ல பேர் வச்சாங்களாம், இந்தக் காணி மக்கள் பேர்லயே. அண்ணாச்சி டார்ச்ச இறக்கிட்டு கொஞ்ச நேரம் அதையே பாத்தார். "எங்க பேரையா வச்சிருக்கான்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?" கோவமா சொன்னாரா சந்தோஷமா சொன்னாரான்னு இருட்டுல தெரியல.

ஈத்தைக்குள்ள இருந்தும் ஒரு சத்தம் வந்துச்சு, மத்த சத்தத்தை விட அமுங்கி, குழலுக்குள்ள பேசுற மாதிரி. ஆள் தெரியல. தவளை தன் வாயால் கெடும்பாங்க, இது வாய திறந்தும் கெடல.

நாள் 3

மழை. காலையில பிடிச்சது விடவே இல்ல. கதவ திறந்தா மேகம் உள்ள வருது, மூடுனா புகை. துணி எதுவும் காயல. எஸ்டேட்ல மிச்சம் இருக்குறவங்க ரெண்டு பேர் சேதி கேட்டு போன் கொண்டு வந்தாங்க, ஒன்னுக்கு ஸ்பீக்கர் ஒன்னுக்கு சார்ஜிங், பாத்து கொடுத்தேன், பலா வத்தல் கொண்டு வந்து கொடுத்தாங்க. காசு வேண்டாம்னதுக்கு கோவிச்சுக்கிட்டாங்க.

தம்பி கட்டில்ல படுத்துக்கிட்டே இந்தத் தவளை சரித்திரம் சொன்னான். அறிவியல் பேரு ராவோர்கெஸ்டஸ் சலசோடஸ். முன்பாதி 2010ல வச்சது, சி.ஆர். நாராயண ராவ்னு தவளை ஆராய்ச்சியில நம்ம நாட்டு முன்னோடி ஒருத்தர், அவர் பேர்ல. பின்பாதி பழசு. பெடோம்னு ஒரு பட்டாளத்து அதிகாரி, மெட்ராஸ் மாகாணத்துல காட்டு இலாகா பாத்தவர், பாம்பு பல்லி தவளை செடி எதையும் விடாம சேத்து லண்டனுக்கு அனுப்பிட்டே இருந்திருக்கார். திருவிதாங்கூர் பக்கம் அவர் பிடிச்ச தவளைக்கு லண்டன் மியூசியத்துல இருந்த குந்தர் 1876ல இந்தப் பேர வச்சார். சலசான்னா கிரேக்கத்துல ஆலங்கட்டி. பச்சை முதுகுல வெள்ளை வெள்ளையா புள்ளி, ஆலங்கட்டி விழுந்த மாதிரி.

அதுக்கப்புறம் ஆளையே காணோம். ஏறக்குறைய 135 வருஷம். டில்லி பல்கலைக்கழகத்து பேராசிரியர் பிஜு 2010ல காணாமப் போன தவளைகள தேட ஒரு பெரிய முயற்சி ஆரம்பிச்சார், நாடு முழுக்க ஆளுங்க சேந்து தேடுனாங்க, 2011ல திரும்ப கிடைச்சதுன்னு அறிவிச்ச அஞ்சு இனத்துல இதுவும் ஒன்னு. மிக அபாயத்துல இருக்குற இனம்னு சிவப்புப் பட்டியல்ல போட்டிருந்த தவளை, இங்க பஸ் போற ரோட்டுக்கு கூப்பிடு தூரத்துல உக்காந்து கத்திட்டு இருந்திருக்கு. எல்லாரும் இலை மேலயும் கல்லுக்கு அடியிலயும் தேடியிருப்பாங்க, இது குழலுக்குள்ள.

அது குழலுக்குள்ள என்ன பண்ணுதுங்கிறத சேஷாத்ரி, குருராஜா, பிக்ஃபோர்ட்னு மூணு ஆராய்ச்சிக்காரங்க 2014ல எழுதுனாங்க. அதைச் சொல்லட்டான்னு கேட்டான். வேண்டாம், நானே பாக்கேன்னு சொல்லிட்டேன்.

நாள் 4

பாத்துட்டேன்.

காலையில மழை விட்டுச்சு. ஓடை ரெட்டிப்பா போகுது, சோலைக்குள்ள வெடிப்பலா மரத்துல சிங்கவால் குரங்கு கூட்டம் ஒன்னு பழத்தைக் கடிச்சு கீழ எறிஞ்சுக்கிட்டு இருந்துச்சுங்க, வேற நாளா இருந்தா அதையே நாலு பாராவுக்கு எழுதியிருப்பேன். தம்பி ஒவ்வொரு தண்டுலயும் சின்னதா நம்பர் கட்டி வச்சிருக்கான். முதல் எட்டு குழல் காலி. ஒன்னுக்குள்ள எறும்பு, ஒன்னுக்குள்ள எட்டுக்கால் பூச்சி, ஒன்னுக்குள்ள பழைய வலை மட்டும். நான் ஒட்டுன ஒயர்ல படம் ஒரு தடவை கூட விடல, அதுல எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை.

31ம் நம்பர். முனைய மெல்ல கீறல்ல விட்டு, ஒரு பக்கமா சாய்ச்சு, நூல் கோக்குற மாதிரி நகத்தி நகத்தி உள்ள விட்டான். ஸ்க்ரீன்ல முதல்ல வெறும் மஞ்சள் சுவர். அப்புறம் ஈரமா ஏதோ மினுங்குச்சு. சுவர்ல ஒட்டுன கண்ணாடிக் குண்டு மாதிரி ஒன்னு, ரெண்டு, மூணு... ஆறு. முட்டை. ஜவ்வரிசிய பால்ல போடுறதுக்கு முன்னாடி நல்லா ஊறி கண்ணாடியா ஆகும்ல, அப்படி. ஒவ்வொன்னுக்குள்ளயும் ஒரு குட்டி உயிர் மடங்கி கிடக்கு, ரெண்டு கருப்புக் கண்ணு தெரியுது, ஒன்னுல காலு கூட தெரிஞ்சுது, நான் பாக்க பாக்க ஒரு வெட்டு வெட்டி திரும்பிப் படுத்துச்சு.

தலைப்பிரட்டை எங்கன்னு கேட்டேன், பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், முட்டை, தலைப்பிரட்டை, வாலு, காலு. கிடையாதாம். இந்தச் சாதி புதர்த் தவளைக்கு தண்ணிக்குள்ள நீந்துற பருவமே இல்ல, எல்லா மாத்தமும் முட்டைக்குள்ளயே முடிஞ்சு, கடைசியில நேரா ஒரு பொடித் தவளை முட்டைய கிழிச்சுட்டு வெளிய குதிக்கும். குளம் வேண்டாம் குட்டை வேண்டாம், ஈரம் இருந்தா போதும். அதனாலதான் குழல் சரிப்பட்டு வருது. ஆனா முட்டை அஞ்சாறு, எட்டு, அதுக்கு மேல கிடையாது. குளத்துத் தவளை ஆயிரக்கணக்குல போட்டுட்டு பிழைக்கிறது பிழைக்கட்டும்னு போயிட்டே இருக்கும், இதுக்கு அந்த வசதி இல்ல.

"அப்பன பாருங்கண்ணே"ன்னு கேமராவ கொஞ்சம் மேல திருப்பினான்.

உக்காந்திருக்கான். முட்டைக்கு மேல நாலு விரல் தள்ளி, செங்குத்து சுவர்ல ஒட்டிக்கிட்டு. கொழுந்து வாழை இலை பச்சை. முதுகுல புள்ளி. கண்ணு தங்கக் கம்பி வச்ச மாதிரி. தொடை மடிப்புல மட்டும் லேசா சாம்பல் கலந்த நீலம், எவனோ பெயிண்ட் மிச்சத்தை அங்க தடவி விட்ட மாதிரி. தொண்டை மட்டும் படபடன்னு அடிச்சுது, வேற அசைவே இல்ல. கேமரா முனை கொஞ்சம் கிட்ட போனதும் திரும்பி எங்களைப் பாத்து ஒரு எட்டு முன்னால வந்தான். எங்களை இல்ல, 4 மில்லிமீட்டர் இரும்ப. அவன் சைசுக்கு அது என்னவா தெரிஞ்சிருக்கும்? தம்பி உடனே ஒயர பின்னால இழுத்துட்டான். "போதும்ணே, ஒரு குழலுக்கு ரெண்டு நிமிஷம்தான்."

தாய் எங்கன்னு கேட்டேன். முட்டைய போட்டுட்டு போயிரும், அதுக்கப்புறம் காவல் எல்லாம் தகப்பன்தான். பகல் முழுக்க ராத்திரி முழுக்க உள்ளயே கிடப்பான், அந்தி நேரம் மட்டும் கொஞ்ச நேரம் வெளிய போய் வயித்துக்கு ஏதாவது பாத்துட்டு திரும்ப வந்துருவான். யாருக்கு எதிரா இந்தக் காவல்? எறும்பு, பாம்புன்னு நினைச்சேன். அதெல்லாம் இருக்கு, ஆனா பெரிய எதிரி அவன் சாதிக்காரனேதானாம். வேற ஆண் தவளை உள்ள வந்து முட்டைய தின்னுட்டுப் போயிரும். 2018ல இதைப் பத்தியும் சேஷாத்ரியும் பிக்ஃபோர்டும் எழுதியிருக்காங்க, காவல் இருக்குற தகப்பன எடுத்துட்டா முட்டை தப்புறது கஷ்டம்னு பரிசோதிச்சே பாத்தாங்க. முட்டையும் சத்துள்ள சாப்பாடு, இதுல வீடும் காலியானா லாபம்தானே. எனக்கு கேக்கவே ஒரு மாதிரி ஆயிட்டு, அண்ணாச்சிக்கு ஒன்னும் ஆச்சரியமா தெரியல, "பங்காளிதான் முதல்ல வருவான்"ன்னு சொல்லிட்டு வெத்தலைய மடிச்சு வாயில போட்டுக்கிட்டார்.

சாயங்காலம் நாலு மணியில இருந்தே 31க்கு எதிர்ல ஒரு பாறையில உக்காந்துட்டோம். சிவப்பு வெளிச்சம் போட்டா அதுக்கு அவ்வளவா தெரியாதாம். அட்டை வந்துச்சு, மழை வந்துச்சு, எனக்கு ஒரு மாதிரி குளிர் ஜுரம் வர்ற மாதிரி இருந்துச்சு, எந்திரிக்கல. ஆறே முக்கால் இருக்கும், கீறல்ல ஒரு மூக்கு தெரிஞ்சுது. அப்படியே நிறுத்தி வச்சுட்டான், பாக்கான் போல, ரெண்டு நிமிஷம். அப்புறம் ஒரு கை வெளிய வந்துச்சு, விரல் நுனியில வட்ட வட்டமா தட்டு. அந்தக் கை தண்டைப் பிடிச்சுது. தலை வந்துச்சு. இடியாப்ப உரல்ல மாவு வர்றத பாத்திருக்கீங்களா, ஓட்டை சின்னது மாவு நிறைய, ஆனா வரும், அப்படி உடம்பு சப்பையா பிதுங்கி பிதுங்கி வந்துச்சு, கடைசியில பின்னங்கால் ரெண்டும் சொத்துன்னு வெளிய விழுந்து, அடுத்த நொடி அங்க ஒரு சாதாரண தவளை உக்காந்திருக்கு, ஒன்னும் நடக்காத மாதிரி.

நான் அதை போன்ல எடுக்கல. கையில போன் இருந்துச்சு, எடுக்கணும்னு தோணவே இல்ல. நாலுமுக்கு போற ரோட்டுல ஒரு வளைவுல மட்டும் சிக்னல் ரெண்டு புள்ளி வருது, அங்க நின்னுதான் இதை டைப் பண்ணிட்டு இருக்கேன், கை விறைச்சுப் போச்சு, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

நாள் 5

மச்சான் கடையில இருந்து போட்ட மெசேஜ் ஒன்பது. ஒன்னுக்கும் பதில் போடல.

காலையில அண்ணாச்சிகிட்ட ஈத்தை பத்தி நிறைய கேட்டேன். ஈத்தை மொத்தமா ஒரே நேரத்துல பூக்கும், பூத்து காய்ச்சதும் அந்தக் கூட்டமே பட்டுப் போயிரும், விதை விழுந்து புதுசா வந்து தண்டு தடிக்கிற வரைக்கும் அந்த இடத்துல ஒன்னும் இருக்காது. அப்ப தவளை என்ன பண்ணும்னு கேட்டேன். "பக்கத்து ஓடைக்குப் போகும், அங்கன இருந்தா." அங்கன இல்லைன்னான்னு நான் கேக்கல. சின்ன வயசுல கூடை முடைய கட்டு கட்டா வெட்டியிருக்காராம், வெட்டும்போது குழலுக்குள்ள இருந்து பச்சையா ஏதோ துள்ளி விழும், அதுக்கு ஒரு பேர் கூட அப்ப வைக்கல, பொடித் தவளைன்னு விட்டுருவோம்னார். லண்டன்காரன் 135 வருஷம் காணோம்னு சொன்னது இவருக்கு வருஷா வருஷம் காலடியில விழுந்திருக்கு. கேக்கத்தான் ஆள் வரல.

சாயங்காலம் மறுபடி 31. இன்னைக்கு அப்பன் ஆறரைக்கே வெளிய வந்துட்டான், தண்டுல ஏறி இலைக்கு அந்தப் பக்கம் போயிட்டான். நாங்க அப்படியே உக்காந்திருந்தோம். ஒரு பத்து நிமிஷம் இருக்கும், பக்கத்து தண்டுல இருந்து இன்னொரு பச்சை. முதல்ல நம்ம ஆள்தான் திரும்புறான்னு நினைச்சேன். தம்பி என் முழங்கைய பிடிச்சான். புள்ளி வேற மாதிரி இருக்குண்ணேன்னு காதுல சொன்னான், அவனுக்கு ஒவ்வொருத்தன் முதுகும் தெரியும்.

வந்தவன் 31 தண்டுக்கு தாவி கீறலுக்கு ஒரு சாண் மேல உக்காந்தான். சும்மா உக்காந்தான். நான் ஒரு கல்ல எடுத்து போடவான்னு கேட்டேன், தம்பி தலைய ஆட்டிட்டான். நாம கையை வைக்கக் கூடாதாம், வச்சா அப்புறம் இங்க என்ன நடக்குதுன்னு நமக்கு என்னைக்கும் தெரியாது. எனக்கு அந்த நேரம் அந்த நியாயம் பிடிக்கவே இல்ல, ஆறு முட்டையும் கண்ணுல நிக்குது, அதுல ஒன்னு திரும்பிப் படுத்தத பாத்திருக்கேன். எங்கடா போன அப்பா, சாப்பிட்டது போதும் வாடான்னு மனசுக்குள்ள கத்துறேன். வந்தவன் ஒரு விரற்கடை இறங்குனான். அப்புறம் இன்னொரு விரற்கடை. கீறல்ல தலைய வச்சான்.

அப்ப ஓடைக்கு அந்தப் பக்கம் பட்டுன்னு ஒரு கிளை முறிஞ்சுது. அண்ணாச்சி எந்திரிச்சு மூக்க தூக்கி காத்தை இழுத்தார். "ஆனை. எந்திரிங்க." ஒரு நிமிஷம்னு தம்பி சொன்னான். "எந்திரில"ன்னார், அவர் அவனை ல போட்டு பேசி நான் கேட்டதே இல்ல. எடுத்த சாமான பாதியும் எடுக்காத சாமான பாதியுமா விட்டுட்டு வந்த வழியே ஏறுனோம். அடுத்த முறிவு சத்தம் இன்னும் கிட்ட. மேல ரோட்டுக்கு வந்து திரும்பிப் பாத்தா வெறும் இருட்டு, டிக் டிக்னு நூறு பேர் கத்துறான், அதுல யாரு உள்ள யாரு வெளியன்னு எப்படி தெரியும்.

தம்பி வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. ராத்திரி கஞ்சி குடிக்கும்போது மட்டும் "ரெண்டு வருஷத்துல இப்படி நேர்ல மாட்டுனது இதான் முதல் தடவைண்ணே"ன்னான்.

நாள் 6

இன்னைக்கு நான் இறங்கியே ஆகணும், மச்சான் ஊருக்குப் போகணுமாம். காலை பஸ்சுக்கு முன்னாடி ஓடைக்கு போயிட்டு வந்துரலாம்னு பாத்தேன், அண்ணாச்சி வெயில் ஏறி ஆனை தடம் பாத்த பிறகுதான் விடுவேன்னுட்டார். ஸ்பேர் ஒயர் ஒன்னு ஒட்டி டேப் சுத்தி தம்பி கையில கொடுத்தேன், ஜாயிண்ட ராத்திரி அரிசி டப்பாக்குள்ள போட்டு வைலன்னு சொன்னேன். அண்ணாச்சி என் பூட்ஸ் அடிய திருப்பிப் பாத்து, கழுவிட்டு ஏறுங்கன்னார். இறங்கும்போதும் கழுவணும்னு நான் மறந்தே போயிட்டேன்.

பஸ்ல ஜன்னல் பக்கம். மாஞ்சோலை தாண்டுறப்ப மேகம் விலகி ஒரு தடவை கீழ சமவெளி தெரிஞ்சுது, குளம் குளமா. மணிமுத்தாறுல துண்டக் கழட்டுனேன். கல்லிடைக்குறிச்சி கிட்ட வரும்போது போன் தொடர்ந்து அடிச்சுது, மச்சானோட மெசேஜ் பன்னெண்டு, நடுவுல தம்பி ஒன்னு. வளைவுல நின்னு அனுப்பியிருக்கான்.

"31. அப்பன் உள்ள இருக்கான். முட்டை அஞ்சு."

அஞ்சுதானா, நல்லா எண்ணுனியான்னு கேட்டேன். எந்த அப்பன், நம்ம ஆளா அவனா, முதுகு பாத்தியான்னு இன்னொன்னு போட்டேன். ரெண்டுக்கும் ஒத்த டிக்தான் விழுந்திருக்கு. வளைவ விட்டு இறங்கிட்டான் போல, இனி சாயங்காலம் ஆகும்.